ஆறு தாளோடு நின்ற வளைவு

உச்சி வெயிலில் தோப்பிலிருந்து நடந்துவந்து, மாங்காய் பழுக்கப் போடும் அறைக்குள் குனிந்து நுழைந்தேன். பின்னால் சாக்குத் திரை விழுந்ததும் எல்லாம் அணைந்துபோயிற்று.

"அங்கியே நில்லுடா! பழத்த மிதிச்சிடாத" என்று இருட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

அம்மா ஒரு மணி நேரமாக உள்ளே உட்கார்ந்து வைக்கோலை விலக்கிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எந்தக் காலை எங்கே வைக்கப் போகிறேன் என்பதுவரை அவளுக்குத் தெரிந்தது. எனக்கோ அவள் இருக்கும் திசைகூடத் தெரியவில்லை. நின்றேன். சும்மா நிற்க எனக்கு வராது; மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். முப்பது எண்ணுவதற்குள் சுண்ணாம்புச் சுவர் சாம்பல் நிறத்தில் எழுந்து வந்தது. நூறுக்குப் பக்கத்தில் அம்மாவின் வெள்ளைத் தலைமுடி. முந்நூறு எண்ணியபோது அவள் கையிலிருந்த செந்தூராப் பழத்தின் உருண்டை. அதற்குப் பிறகு வெகுநேரம் புதிதாக ஒன்றுமே தெரியவில்லை. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். பின்னர், மெதுவாக, மூலையில் சாய்த்திருந்த தாம்புக் கயிற்றின் ஒவ்வொரு முறுக்கும் தெரிய ஆரம்பித்தது.

ஒரே அறை, ஒரே இருட்டு. மாறியது என் கண் மட்டும். அதுவும் ஒரே வேகத்தில் மாறவில்லை. ஓடி, நின்று, மறுபடி நடந்திருக்கிறது. இதை அளந்தால் என்ன? அளந்து, ஒரு கணக்காக எழுதினால் என்ன? கூடையை அங்கேயே போட்டுவிட்டு வெளியே ஓடினேன். அம்மா பின்னால் திட்டியது காதில் விழுந்தது, நிற்கவில்லை.

இது போன கோடையில். பெங்களூரில் பௌதிகம் படித்து முடித்துவிட்டு, வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், உத்தியோகம் எதுவும் இல்லாமல் மாங்காய் எண்ணிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் எனக்குப் பாடம் எடுத்தவர் ஒருவர், "சொந்தமாக ஏதாவது செய்து எழுதிக்கொண்டு வா, ஆய்வுக்கூடத்தில் இடம் கேட்டுப் பார்க்கலாம்" என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நான் தூங்காமல் திரிந்த காலம் அது. பஸ்ஸில் ஏறினால் ஓசூர் நமக்கா மைசூர் ராஜ்யத்துக்கா என்று எல்லையைப் பற்றி அடித்துக்கொள்வார்கள். நான் சன்னலோரம் உட்கார்ந்து, புளியமர நிழலும் வெயிலும் மாறி மாறி முகத்தில் விழும்போது கண் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

பெங்களூருக்குப் போய் நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். கண்ணின் உள்திரையில் இரண்டு வகைச் செல்கள். கூம்பு வடிவானவை பகலுக்கு, கோல் வடிவானவை மங்கலுக்கு. கோல்களில் ஓர் ஊதாச் சாயம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் வெளுத்துப்போகும், இருட்டில் மறுபடி ஊறும். அந்தச் சாயத்தை உடம்பு 'ஏ' வைட்டமினிலிருந்து செய்துகொள்கிறது. இந்தக் கடைசி வரியை நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டிருக்கிறேன். இப்போதும் அந்தக் கோடு இருக்கிறது. ஸ்கேல் வைத்துப் போட்டது.

பிறகு பெட்டி செய்தேன். ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பா; உள்ளே சிம்னி விளக்கு; முன்பக்கம் ஒரு வட்டத் துளை. துளைமேல் திருப்பக்கூடிய ஓர் அட்டை, அட்டையில் ஒரு கீற்று. கீற்றைப் படுக்கவும் வைக்கலாம், நிற்கவும் வைக்கலாம். வெளிச்சத்தைக் குறைக்க நீலக் காத்தாடித் தாள். ஒரு தாள் பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். இரண்டாவது தாள் மிச்சத்தில் பாதியை. சோதிக்கப்படுபவர் முதலில் வெயிலில் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு மாங்காய் அறைக்குள் வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு நிமிடமும் கீற்று படுத்திருக்கிறதா நிற்கிறதா என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல நான் தாளைக் கூட்டிக்கொண்டே போவேன். ஊகித்துச் சொன்னால் மாட்டிக்கொள்வார்கள். எத்தனை தாளுக்குப் பின்னால் தெரிகிறதோ அதுதான் அந்த நிமிடத்தில் கண்ணின் கூர்மை.

என் வளைவு அம்மாவின் அறையில் நான் உணர்ந்ததுபோலவே வந்தது. ஐந்து நிமிடத்துக்குள் ஐந்தாறு தாள். அங்கே ஒரு சமதளம். பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு முழங்கை மடங்கியதுபோல ஒரு வளைசல். அதன்பின் மெதுவாக ஏறி ஏறி, அரைமணி நேரத்தில் பதினான்கு தாள்.

அந்த முழங்கைதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. நான் கண்ணைத் தண்ணீர்ப் பாத்திரமாக நினைத்துக் கணக்குப் போட்டிருந்தேன். ஒரு தொட்டி, பக்கத்தில் ஒரு பாத்திரம், இரண்டுக்கும் நடுவே ரப்பர்க் குழாய். தொட்டி என்பது உடம்பு, பாத்திரத்தில் உள்ள தண்ணீர் சாயம். வெயிலில் பாத்திரத்தைக் காலி செய்கிறோம். இருட்டில் அது தொட்டியிலிருந்து நிரம்புகிறது. முதலில் வேகமாக, மட்டம் நெருங்க நெருங்க மெதுவாக. அழகான கணக்கு. ஆனால் ஒரு பாத்திரம் முழங்கை போடாது. நான்கு நாள் யோசித்தேன். ஐந்தாம் நாள் சைக்கிள் கடைக்குப் போய் வால்வு டியூப் வாங்கிவந்தேன். இரண்டு பாத்திரம்! கூம்புகளுக்கு ஒரு சின்னச் சொம்பு, தடித்த குழாயில் சீக்கிரம் நிரம்பும். கோல்களுக்கு ஒரு பெரிய தவலை, சன்ன வால்வு டியூபில் நிதானமாக நிரம்பி, கடைசியில் சொம்பை மிஞ்சிப் போகும். எது முந்துகிறதோ அதை வைத்துக் கண் பார்க்கிறது. முழங்கை என்பது தவலை சொம்பை முந்தும் இடம்.

இதை முற்றத்தில் நிஜத் தண்ணீரிலேயே செய்து பார்த்தேன். அதற்குத் துணை அண்ணி.

அண்ணி தளிப் பக்கத்துப் பெண். தாய்வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம். அப்போது ஐந்தாம் மாசம். இந்த வீட்டில் நான் செய்வதைப் பார்த்துச் சிரித்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். குழாயில் தண்ணீர் ஓட ஆரம்பிக்க நான் வாயால் உறிஞ்சினால், "லாரிக்காரன் டீசல் உறியற மாதிரியே இருக்குது, சைன்ஸ் மாஸ்டரே" என்பார். தொட்டியின் மட்டம் குறையாமல் சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டிருப்பது அவர் வேலை.

"இத நான் எத்தன நேரம் ஊத்தறது?"

"நெறஞ்சே இருக்கணும் அண்ணி. தொட்டி நெறஞ்சிருக்குதுன்னு வெச்சிக்கிட்டுத்தான் கணக்கே."

"நான் ஊத்தலன்னா?"

"கணக்கு கெட்டுடும்."

"நல்ல கணக்கு போங்க. எவளோ ஒருத்தி இடுப்பு ஒடிய ஊத்திக்கிட்டே இருக்கணுமாம், இவரு நோட்டுல எழுதுவாராம்."

அந்த மாதங்களில் அவர் என்ன சாப்பிட்டார் என்பதை இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். சோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம். கீரை வாயில் வைத்தால் குமட்டல். முருங்கைக் கீரை உடம்புக்கு ஆகாது என்று அம்மா. பப்பாளி பேச்சே கூடாது. மாம்பழம் சூடு. வீடு முழுக்கப் பழ வாசனை. வைக்கோலுக்கடியில் ஆயிரக்கணக்கில் பழம். மாசமாக இருக்கும் பெண்ணுக்கு ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், யாரும் யாருக்கும் கெடுதல் நினைத்துச் செய்வதில்லை. "புள்ள பொறக்கட்டும், அடுத்த வருஷம் கூடையோட குடுக்கறன்" என்று அம்மா சொல்வாள்; அன்பாகத்தான் சொல்வாள்.

என்னோடு சேர்த்து ஐந்து பேரைச் சோதித்தேன். அண்ணன் கொட்டாவி விட்டபடியே பதின்மூன்று தாள் வரை போனான். தோப்புக் காவல்காரர் தெலுங்கில் "அட்டம், நிலுவு" என்று படுக்கையையும் நிற்பதையும் கறாராகச் சொல்லி என்னை மிஞ்சினார். அம்மா, "வேலயத்தவனே" என்று திட்டிக்கொண்டே பன்னிரண்டு. தோப்பில் பழம் பறிக்கும் ஆள் ஒருவரும் அதேபோல. ஐந்து பேருக்கும் முழங்கை. ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தின. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்போதுதான் அண்ணி கேட்டார்.

"எனக்கும் ஒருவாட்டி பாருங்க தம்பி."

"உங்களுக்கு வேணாம் அண்ணி, உள்ள புழுங்கும். அஞ்சு பேரு போதும்."

"இல்ல, பாருங்க." ஊற்றிக்கொண்டிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டார். "சாயங்காலமானா எனக்கு என்னமோ ஒரு மாதிரி இருக்குது. அத்தைகிட்ட சொல்லிடாதீங்க. உங்க பொட்டி என்னா சொல்லுதுன்னு பாப்போம்."

இந்த வார்த்தைகளை நான் மாற்றாமல் எழுதுகிறேன். அன்றைக்கு அவற்றை நான் சரியாகக் கேட்கவேயில்லை. ஆறாவது வளைவு கிடைக்கப் போகிறது என்பதுதான் என் மண்டையில் ஓடியது.

முதல் ஐந்து நிமிடம் பிரமாதமாகப் போனது. "படுத்திருக்குது. நிக்குது. நிக்குது. படுத்திருக்குது." ஆறு தாள்வரை ஒரு தப்பில்லை. ஏழாவது தாளை வைத்தேன்.

"தெரியல."

சமதளம்தானே, இருக்கட்டும் என்று காத்திருந்தேன். பத்து நிமிடம். பன்னிரண்டு. பதினைந்து.

"இப்போ?"

"நிக்குது..." படுத்திருந்தது.

"இப்போ?"

"படுத்திருக்குது." நின்றிருந்தது.

"ஊகிக்காதீங்க அண்ணி."

"தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு."

"கண்ணத் தெறந்துதான் வெச்சிருக்கீங்களா?"

"தெறந்துதான் இருக்குது. ஏனூ காண்சல்ல தம்பி, ஏனூ காண்சல்ல." பயந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும். ஒன்றுமே தெரியவில்லை என்று இரண்டு தடவை சொன்னார்.

அரைமணி நேரம் ஆயிற்று. ஆறு தாளோடு வளைவு நின்றுவிட்டது. எனக்கு வேர்த்து ஊற்றியது, எரிச்சல் வேறு. சாக்குத் திரையைத் தூக்கிவிட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"பொட்டி என்னா சொல்லுது?"

"பொட்டி என்னா சொல்லும்? நீங்கதான் பாக்கல. மனசு வேற எங்கியோ இருக்குது."

"அப்ப, கண்ணுல ஒண்ணுமில்லியே?"

"மொத அஞ்சு நிமிஷம் எங்கள மாதிரியே கரெக்டா சொன்னீங்க இல்ல? கண்ணு கெட்டிருந்தா அதுவும் தெரிஞ்சிருக்காது."

அவர் முகம் தெளிந்தது. "நல்ல வேள" என்றார். என் வார்த்தையை அப்படியே நம்பிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

சொம்பு நிரம்பும், தவலை நிரம்பாது. அப்படி ஒருவருக்கு ஆகலாம் என்பதை வேறு யாருமல்ல, இரண்டு பாத்திரத்தை முற்றத்தில் வைத்து விளையாடிய நானே ஒரு நொடியில் சொல்லியிருக்க வேண்டும். நோட்டைத் திறந்தேன். அண்ணியின் எண்களின் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் 'கவனக்குறைவு, நீக்கப்பட்டது' என்று எழுதினேன். ஐந்து வளைவும் மறுபடி ஒன்றாகப் பொருந்தின.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்தவற்றை எல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் அண்ணி பால் செம்பைத் தட்டிவிட்டார். இன்னொரு நாள் படுத்திருந்த கன்றின் காலை மிதித்தார். வாசல்படியில் ஏறும்போது நிலையைக் கையால் தடவிப் பிடித்துக்கொள்வார். விளக்கேற்றுமுன் எல்லா வேலையையும் முடித்துவிட வேண்டுமென்று நான்கு மணியிலிருந்தே பறப்பார். பொழுது இறங்கிவிட்டால் அடுப்படியை விட்டு நகரமாட்டார்.

"சாயங்காலமானா மட்டும் ஒடம்பு வலிக்குதா மகராணிக்கு?" என்று அம்மா கேட்டாள். "பகலெல்லாம் இவங்கூட தண்ணி ஊத்தி வெளையாடத் தெம்பு இருக்குது."

"கண்ணு மங்கலா இருக்குது அத்தை."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, நீதான் பொட்டி வெச்சு எல்லார் கண்ணையும் சோதிச்சியே. இவளுக்குக் கோளாறா?"

அண்ணியும் என்னைப் பார்த்தார்.

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்குதும்மா" என்றேன். "கவனம்தான் இல்ல."

எங்கள் வீட்டில் பெங்களூர் போய்ப் படித்தவன் நான் ஒருவன். நான் சொன்னால் அது தீர்ப்பு. அன்றிலிருந்து அண்ணி கண்ணைப் பற்றிப் பேசவில்லை. என்னிடம்கூட மறுபடி கேட்கவில்லை. பெட்டி சொல்லிவிட்டதே, என்ன கேட்பது?

ஆனி மாசக் கடைசியில் ஒரு நாள், பொழுது இறங்கும் நேரம். அண்ணன் லாரியோடு பெங்களூர் போயிருந்தான், இருட்டுவதற்குள் வந்துவிடுவான். அவனோடு வரப்போகும் வியாபாரிக்குக் கொடுக்க ஒரு கூடை செந்தூரா எடுத்துவைக்கும்படி அம்மா அண்ணியிடம் சொன்னாள். நான் கூடத்தில் விளக்கடியில் உட்கார்ந்து, பெங்களூருக்கு எடுத்துப்போக வேண்டிய தாளில் வளைவைத் திருத்தமாக வரைந்துகொண்டிருந்தேன். இந்திய மசி, கோடு நடுவில் நின்றால் திட்டு விழும்.

"காலையில எடுத்துக்கலாமே அத்தை" என்று அண்ணி சொன்னது கேட்டது.

"இதோ இருக்குது ரூமு. ஊரு விட்டு ஊரா போவச் சொன்னன்?"

அண்ணி என் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, நீங்க கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?"

"இந்தக் கோட்ட முடிச்சிட்டு வர்றன் அண்ணி."

கொஞ்ச நேரம் நின்றார். என் கை முழங்கைக்குப் பக்கத்தில் வந்திருந்தது, அந்த வளைசலை ஒரே இழுப்பில் கொண்டுவந்தால்தான் சரியாக வரும். நான் தலையைத் தூக்கவில்லை. அவர் நகர்ந்து போனது தெரிந்தது. கோட்டை முடித்து ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தபோது, மாங்காய் அறைப் பக்கம் கூடை உருளும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சின்னக் குரல். அலறல்கூட இல்லை.

அந்த அறைக்கு வெளியே இரண்டே இரண்டு கல் படி. அவர் இரண்டாவதை எண்ணாமல் காலை வைத்துவிட்டார். வயிறு அடிபடாமலிருக்க வலது கையை ஊன்றி விழுந்திருக்கிறார். மணிக்கட்டு திரும்பிப்போயிருந்தது. அவரைச் சுற்றிப் பழங்கள் உருண்டு கிடந்தன, என் கையில் மசி.

அண்ணன் வந்த லாரியிலேயே கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை அசைகிறது, பயமில்லை என்றார் பெண் டாக்டர். கட்டுப் போட்டார். மறுநாள் காலை சன்னல் வெளிச்சத்தில் அண்ணியை உட்காரவைத்து, எப்படி விழுந்தார் என்று கேட்டவர், பாதியிலேயே நிறுத்தி, கட்டைவிரலால் கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தார்.

"பொழுது போனா கண்ணு தெரியுதா உனக்கு?"

"தெரியல."

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

என்னைக் கூப்பிட்டு அவர் காட்டினார். வெள்ளை விழியில், ஓரமாக, சோப்பு நுரை காய்ந்ததுபோல ஒரு சின்னத் திட்டு. மாலைக்கண். அரை நிமிடம் ஆகவில்லை. பெட்டி இல்லை, தாள் இல்லை. நான் எத்தனை நாள் அவருக்கு எதிரே முற்றத்தில், நல்ல வெயிலில், உட்கார்ந்திருந்தேன்!

"மூணு மாசமா யார்கிட்டயும் சொல்லலியா?" என்று டாக்டர் கடிந்துகொண்டார்.

"சொன்னேன்" என்றார் அண்ணி.

"யாருகிட்ட?" என்று அண்ணன் கேட்டான். அவர் கைக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"என்கிட்ட."

டாக்டர் மீன் எண்ணெய் எழுதிக்கொடுத்தார். கீரை, ஈரல், முட்டை, பழுத்த பப்பாளி, மாம்பழம் என்று விரல்விட்டுச் சொன்னார்.

அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "பப்பாளியா? மாசமா இருக்கிற பொண்ணுக்கா? ஏம்மா, நீங்க படிச்சவங்கதானே?"

"பப்பாளி வேணாம்னா விடுங்க. மாம்பழம் குடுக்கலாமில்ல? எந்த ஊரு நீங்க?"

ஊரைச் சொன்னாள்.

"என்ன வேலை?"

"மாந்தோப்பு" என்றாள் அம்மா, குரல் இறங்கி.

டாக்டர் எங்கள் மூவரையும் ஒரு தடவை பார்த்தார். "தோப்பையே வெச்சுக்கிட்டு மாலைக்கண்ணோட வர்றீங்க. நல்லா இருக்குது."

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவருடைய அம்மா வந்து தளிக்கே அழைத்துப்போய்விட்டார். பிரசவத்துக்கு எப்படியும் போக வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டோம். ஆனால் சீக்கிரமாகப் போனார், எல்லாரும் அதை உணர்ந்தோம். பதினைந்து நாளுக்குள் சாயங்காலப் பார்வை திரும்பிவிட்டதாக அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அதைக் கேட்டவுடன் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இதை எழுத வெட்கமாக இருக்கிறது. இந்தப் பதினைந்து நாளும் தினம் ஒருதரம் அளந்திருந்தால், தவலை கொஞ்சம் கொஞ்சமாக நிரம்புவதைத் தாள் தாளாகப் பிடித்திருக்கலாமே என்று தோன்றியது. வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அந்தப் பொட்டிய எடுத்துக்கிட்டு தளிப் பக்கம் வந்தன்னு வையி, பொட்டியும் இருக்காது, நீயும் இருக்க மாட்ட."

பெங்களூருக்கு நான் போகவில்லை. மசியில் வரைந்த தாள் சுருட்டியபடி பரண்மேல் கிடக்கிறது. ஐந்து பேரைச் சோதித்தேன் என்று அதில் எழுதியிருக்கிறது. அது பொய். ஆறு பேர். அந்த ஆறாவது ஆளின் வளைவுதான் என் கணக்கில் எங்கே தப்பு என்று எனக்குச் சொல்ல வந்தது. தொட்டி எப்போதும் நிறைந்திருக்கும் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு, அதன்மேல் இத்தனையும் கட்டியிருந்தேன்.

ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் எடை குறைச்சல், மற்றபடி சுகம். பேர் வைப்பதற்கு அம்மாவும் அண்ணனும் போனார்கள். நானும் போனேன். பெட்டி இல்லாமல்தான். அண்ணியின் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகக் கூடியிருக்கிறது. குழந்தையை இடது கையில்தான் தாங்குகிறார். "வாங்க கொழுந்தனாரே" என்றார். தம்பியும் இல்லை, சைன்ஸ் மாஸ்டரும் இல்லை. எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது, என்னிடம் மட்டும் கேட்டார்.

"அன்னிக்கு என் கணக்க அடிச்சிட்டு பக்கத்துல என்னமோ எழுதுனீங்களே, அது என்னா?"

அவருக்குக் கன்னட எழுத்துதான் படிக்க வரும். நான் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

"கவனக்குறைவுன்னு எழுதினன் அண்ணி."

"ஓ" என்றார். குழந்தையின் துணியைச் சரிசெய்தார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பஸ்ஸில் திரும்பி வருவது இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு கணக்கை அடியிலிருந்து மறுபடி போட ஆரம்பித்திருக்கிறேன். தொட்டியின் மட்டத்தையும் மாறும் அளவாக எடுத்துக்கொண்டால் அண்ணியின் வளைவு வருகிறது. முழங்கை காணாமல்போய், சமதளத்திலேயே நிற்கிறது. ஆனால் ஒரு சிக்கல். தவலையில் பாதித் தண்ணீர் குறைந்தால் ஒரு தாள்தானே குறைய வேண்டும்? அவருக்கு எட்டுத் தாள் குறைந்திருந்தது. சாயம் அவ்வளவு வற்றியிருக்க முடியாது, வற்றியிருந்தால் பதினைந்து நாளில் திரும்புமா? சாயம் இல்லாத செல் சும்மா இருக்காமல், தானே வெளிச்சம் பட்டதுபோல மூளைக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருக்குமோ? அப்படியானால் மட்டத்துக்கும் பார்வைக்கும் நடுவில் இன்னொரு கணக்கு வேண்டும். தெரியவில்லை. ஐந்து நல்ல கண்களை வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. அவருடைய கண் வேண்டும், இப்போது தெளிந்த பிறகு எடுத்த வளைவு. பழையதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க.

கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வாரம் பொறுத்து, அடித்த கோட்டுக்குக் கீழே இன்னும் தெளிவாகத் தெரிந்த அவருடைய எண்களை ஒரு தனித் தாளில் கன்னட எழுத்தில் எழுதினேன். எழுத்து கோணல்மாணல், பஸ்ஸில் பலகையைப் பார்த்துக் கற்ற கன்னடம். கீழே, 'இவை சரியான எண்கள், நான் எழுதியது தவறு' என்று ஒரு வரி. அண்ணனிடம் கொடுத்தேன். அவன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

போன வாரம் தளியிலிருந்து வந்தவன், செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "வரச்சொன்னா உன்ன. பொட்டியோட."

"நெஜமாவா?"

"கேளு முழுசா. உள்ள உக்காந்து பாக்கறது அவ. எண்ணி வெக்கறதும் அவதானாம். நீ தாள மாத்தறதோட சரி. பென்சிலத் தொடக் கூடாதாம்."

அதற்கு ஒரு வழி செய்திருக்கிறேன். புளியங்கொட்டை ஒரு பை, இரண்டு கிண்ணம். கீற்று தெரிந்தால் இடது கிண்ணத்தில் ஒரு கொட்டை, தெரியாவிட்டால் வலதில் ஒன்று. தெரியாததும் ஒரு விடைதான், அதற்கும் ஒரு கிண்ணம். அவர்கள் வீட்டில் நெல் குதிர் இருக்கும் அறையின் சன்னலை இரட்டைக் கம்பளியால் மூடலாம் என்று அண்ணன் சொன்னான். குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து அரைமணி நேரம் வேண்டும். அழுதால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் முதல் தளி பஸ்ஸைப் பிடித்தால் பத்து மணிக்குள் போய்விடலாம். கடைசித் தாளையும் மாற்றிவிட்டு வெளியே வந்தபின், அவர் எண்ணி முடித்து, கிண்ணங்களைத் தானே வெளிச்சத்துக்கு எடுத்துவந்து வைக்கும்வரை நான் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதைத்தான் இந்த வாரம் பழகிக்கொண்டிருக்கிறேன்.